நாத்தனார் தேர்ந்தெடுத்த புகை அலாரம்

திருவொற்றியூரில் எங்கள் வீடு கீழே. மாடியில் என் கணவரின் அக்கா. சின்ன வயதிலேயே காது கேட்காமல் போனவள். தையல் மெஷினும் அவளுமாகத் தனியாகத்தான் இருக்கிறாள். எங்களோடு பேசுவதெல்லாம் கையாலும் முகத்தாலும்தான்.

ஒரு நாள் அடுத்த தெருவில் சார்ஜ் போட்டிருந்த ஒரு பேட்டரி ஸ்கூட்டர் புகைந்துபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கணவருக்கு அன்றிலிருந்து ஒரே கவலை. எங்கள் பக்கத்துக் காற்றில் எப்போதும் ஏதாவது ஒரு வாடை இருக்கும், மூக்கை நம்பி இருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புகை அலாரம் ஒன்றை வாங்கிவந்து அக்கா வீட்டுச் சமையலறையில் மாட்டினார்.

"அக்காவுக்குக் கேக்காதே?" என்றேன்.

"நமக்குக் கேக்கும்ல. கத்துச்சின்னா மேல ஓட வேண்டியதுதான்."

நாங்கள் இல்லாத மத்தியானம் ஒன்றில் அது கத்தியது. அவள் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். தெருவே மாடியேறி வந்து கதவைத் தள்ளிப் பார்த்தால், அவள் நிதானமாகக் கரண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். இத்தனை பேர் ஏன் வந்தார்கள் என்று தெரியாமல், வந்தவர்களுக்கெல்லாம் தட்டில் நெத்திலியை நீட்டியிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: "நான் பக்கெட்ல தண்ணி எத்துகினு போறேன், அது இன்னாடான்னா கைல மீன வெக்குது!"

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மேலே போனபோது அலாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள். தரையைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள், ஒரு விரலை உயர்த்தினாள். என் வீடு. முதலில் எனக்குத் தெரிய வேண்டும். அவள் வீட்டில் நடப்பது தெருவுக்கெல்லாம் தெரிந்து, கடைசியாக அவளுக்குத் தெரிந்ததுதான் அவளை வருத்தியிருந்தது.

அடுத்த வாரம் கடைக்கு அவளையே கூட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் எங்கள் இருவரிடமே பேசிக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடி மேசையைத் தட்டி அவரைத் தன் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் அடிக்கும் அலாரம் ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டச் சொன்னாள். பிறகு ஒரு காரியம் செய்தாள்: முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கியதெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் பளிச்சென்று வெள்ளையாக அடித்து, எதிர்ச் சுவரே வெளுத்தது. சட்டென்று திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கினாள். என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. விலைப் பட்டியலைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார்.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் சேர்த்து வாங்கினோம். எங்கே புகைந்தாலும் இரண்டு இடத்திலும் அடிக்கும். தூங்கும்போது தெரிவதற்காகத் தலையணைக்கு அடியில் வைத்தால் அதிரும் வில்லை ஒன்றும் உண்டு. மாட்ட வந்த எலெக்ட்ரீசியன், "கிச்சன்ல பொகைக்குக் கத்துறது வேணாம்க்கா, தாளிச்சாலே கத்தும். அத ஹால்ல மாட்டிக்கலாம். கிச்சன்ல சூட்டுக்குக் கத்துறது போதும்" என்றார். விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்தாள்: தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவர்.

மழைக்காலத்தில் ஒரு நாள் நான் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. வாசலில் கழுத்தில் இன்ச் டேப்போடு என் நாத்தனார். பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர். பையோடு ஓடினேன்.

"ஒண்ணும் இல்லமா, பேஜாராவாத. உன் இன்வெர்ட்டர் ஒயர் கருகிப்போச்சி. சத்தம் கேட்டு நான் செருப்ப தேடிகினு கீறேன், அதுக்குள்ள இது தாங்கிட்ட கீற சாவியோட எறங்கி வந்து மெயினயும் இன்வெர்ட்டரயும் ஆஃப் பண்ணிட்ச்சி. அப்பால உள்ள ஓடியாந்த என்னையும் கையப் புட்ச்சி வெளிய இஸ்த்துகினு வந்து, கதவாண்ட நிக்க வெச்சிட்ச்சி. பொகை அடங்குற வரைக்கும் உள்ள வுடல!"

பையைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் என் முதுகில் இரண்டு தட்டு தட்டி, மூக்கைப் பிடித்துக் காட்டினாள்: வீடு நாறுகிறது, முதலில் துடை.

இன்வெர்ட்டரை மாற்றிவிட்டோம். அலாரங்களைக் கவனிக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோடு அருகில் என்பதால் தூசி சீக்கிரம் படிகிறது. அது அலாரத்துக்குள் போனால் புகை இல்லாமலே கத்தும். மெஷினில் பஞ்சு தட்டும் மெல்லிய பிரஷால் அலாரத்தின் ஓரத்து ஓட்டைகளைச் சுத்தம் செய்கிறாள். பேட்டரி தீரும் முன்பே புதிது வாங்கச் சொல்லி என்னைப் படுத்துகிறாள்.

மாதப் பிறப்பன்று நாற்காலி போட்டு ஏறிச் சோதனைப் பொத்தானை அழுத்துவாள். மேலே வெளிச்சம் அடிக்கும், கீழே எங்களுடையது அலறும். நான் காதைப் பொத்திக்கொண்டு படியேறிப் போய், போதும் நிறுத்து என்று கையை ஆட்டுவேன். அவள் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே இன்னொரு முறை அழுத்துவாள்.