பாயின் தொட்டியில் பாஸ்பேட் இன்னும் இறங்கவில்லை

சிக்கந்தர் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பால் சங்கத்தில் காலைப் பாலைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். மீனாட்சிபுரத்தில் அவருடைய பைப் கடைக்கு அடுத்த கடைக்காரர்தான் கூப்பிட்டார். ஷட்டரைத் தூக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எதையும் ஆற அமரச் செய்கிற மனிதருக்கு இதில் மட்டும் என்ன அவசரம்?

வீட்டு முன்னறையில் அவர் வைத்திருந்த கடல் தொட்டியை, அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடலே இல்லாத ஊரில் உப்பைக் கரைத்து மீனும் பவளமும் வளர்த்தார். அதைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் ஒரு தொட்டி வைத்தேன். தீனி மிஞ்சி, தண்ணீரில் பாஸ்பேட் ஏறி, கண்ணாடியெல்லாம் பாசி பிடித்தது. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புக் குருணையைக் கொடுத்து, வாரம் ஒரு ஸ்பூன் போதும் என்றார் பாய். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாக்கெட் முழுவதையும் ஃபில்டரில் கவிழ்த்தேன். தண்ணீர் பளிச்சென்று ஆனது. பத்தே நாளில் பவளம் அத்தனையும் வெளுத்துச் செத்தது.

பாய் வந்து பார்த்தார். திட்டியிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றியிருப்பேன். "அந்தப் பாஸ்பேட்டு அழுக்கு மட்டுமில்லீங்க, அதுல கொஞ்சம் பவளத்துக்குச் சோறும் இருக்குது. ஒரேயடியாப் புடுங்குனா எப்படீங்க பொழைக்கும்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எதைக் கேட்டாலும் பொறுமையாக இருங்கள் என்பார். எத்தனை நாள் பொறுமை, எந்த அளவு பாஸ்பேட்டுக்கு எவ்வளவு குருணை என்று எங்கேயாவது எழுதி வைத்தாரா? இல்லை. எல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது.

மய்யித்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த உங்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மூன்று நாளும் வந்த ஒவ்வொருவரும், வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்குமே என்று ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போடுகிறவரை நான் எப்படித் தடுப்பது? நாலாம் நாள் டெஸ்ட் பண்ணியபோது சோதனைக் குழாயில் தண்ணீர் கருநீலமாகிவிட்டது. அவ்வளவு பாஸ்பேட்.

பாயின் மனைவி, கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றே பேசினார். "ஏனுங்கண்ணா, அவரு வளத்துனதெல்லாம் செத்துப் போயிருமுங்களா? எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க."

வாரம் ஒரு ஸ்பூன் குருணை போட்டேன். கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். நீலம் ஒரு சாயல் குறையும், அடுத்த வாரம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தொட்டியிலுள்ள கல், முன்பு குடித்து வைத்த பாஸ்பேட்டைக் கக்குகிறது என்று நினைத்தேன். ஆறு வாரம் இதே கதை. ஓரத்தில் ஒரு பவளம் சுருங்கத் தொடங்கியது. பையில் முழுப் பாக்கெட் இருந்தது. கொட்டிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. கடைசியில் கதவுப் பக்கம் திரும்பி, யாராவது தீனி போடுகிறார்களா என்று கேட்டேன்.



"நாந்தானுங்கண்ணா. விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வந்தா மீனெல்லாம் கண்ணாடிகிட்ட வந்து நிக்குது. அவருன்னு நெனச்சுட்டு வருதுங்க. மனசு கேக்காம தெனமும் நாலஞ்சு தடவ போட்டுடறனுங்க."

ஆறு வார உழைப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இன்றோடு நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒரு நாளைக்கு மூணு தடவ மட்டும் போடுங்கம்மா. அடுத்த வாரம் ரெண்டாக்கிக்கலாம்" என்றேன்.

அந்தப் பவளம் பிழைக்குமா என்று தெரியாது. பாயிடமிருந்து நிதானம் கற்றேன் என்று எழுதினால் அது பொய். வீடு திரும்பும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். ஆனால் எவ்வளவு எரிச்சலிலும் ஒரு ஸ்பூனோடு நிற்கிற கை ஒன்று எனக்கு வந்திருக்கிறது. அது என்னுடையதல்ல, பாயுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.