ஏ.சி. ஹாலில் சுருதி இறங்கிய இருபத்துநாலு குழாய்கள்

கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நான் செய்த குழாய் வாத்தியம் ஒலித்ததும் கண்டக்டர் கையைக் கீழே போட்டார். பஸ் கண்டக்டர் இல்லை, ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்.

"மொத்தமா சுருதி கீழ நிக்குதுங்க. இது இல்லாமலே வாசிச்சிடலாம்" என்றார்.

நான் மரக்காணத்தில் பிளம்பர். உப்பளங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் லைன் போடுவது என் தொழில். நிர்மலா என்கிற இசையமைப்பாளர் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். உப்பளத்தைப் பற்றிச் சென்னை ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓர் இசை எழுதியிருந்தார். அதில் அவரே வாசிக்க, பி.வி.சி. குழாயில் ஒரு வாத்தியம் வேண்டுமாம். ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு ஸ்வரம். குழாயின் வாயில் ரப்பர் செருப்பால் தட்ட வேண்டும்.

சர்ச் கொயரில் பாடுகிற என் மனைவி பிலோமினா சிரித்தாள். "செருப்பால அடிக்கிறதுக்குப் பேரு சங்கீதமா?"

மூன்றாம் நாள் அவளே பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இது இன்னும் ஏறணும். ஒரு நூலு வெட்டுங்க" என்பாள். நூல் என்றால் அரைக்கால் அங்குலம். கொதிக்கும் தகரக் கொட்டகையில், சுருதி காட்டும் டியூனரை வைத்துக்கொண்டு இருபத்துநாலையும் முடித்தோம்.

அதுதான் இப்போது சென்னையின் ஏ.சி. ஹால் மேடையில் மானத்தை வாங்கியது.

"குளுர்ல பைப்பு சுருங்கியிருக்கும்" என்றேன்.

"சுருங்குனா சுருதி ஏறணுமேண்ணே. உள்ள இருக்கிற காத்து குளுந்துடுச்சு. அதான் இறங்கிடுச்சு" என்றார் நிர்மலா.

ஏ.சி.யை அணைக்க வழியில்லை. ஹேக்ஸாவை எடுத்து முதல் குழாயை வெட்டினேன். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது.

"இப்ப மேல போயிடுச்சுங்க" என்றாள் கூட வந்திருந்த பிலோமினா, மெதுவாக.

மாற்றுக் குழாய் கிடையாது; புதிதாக வாங்கி வெட்டினாலும் இதே கதைதான். நிர்மலா செருப்பைக் கீழே வைத்தார். வெட்டுப்பட்ட பைப் லைனை நாங்கள் என்ன செய்வோம்? கப்ளர் என்கிற குட்டை உறையைப் போட்டு இணைப்போம். எதிரே இருந்த ஹார்டுவேர் கடைக்கு ஓடி இருபத்துநாலு கப்ளர் வாங்கி வந்தேன். கப்ளருக்குள் நடுவில் ஒரு மேடு இருக்கும். அதை அரத்தால் ராவிவிட்டுக் குழாயின் அடிமுனையில் மாட்டினேன். கீழே இழுத்தால் சுருதி இறங்கியது, மேலே தள்ளினால் ஏறியது.

மற்ற இருபத்துமூன்றையும் பயமில்லாமல் குட்டையாகவே வெட்டினேன். பிலோமினா காதை வைத்துச் சொல்லச் சொல்ல, நிர்மலா கப்ளரை நகர்த்தினார். கண்டக்டர் வந்து ஒரு வயலினோடு சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

ஜனம் நிறைந்ததும் ஹால் சூடாகிச் சுருதி இந்த முறை மேலே ஏறியது. நிர்மலா மேடையிலேயே கப்ளர்களை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு வாசித்தார். கைதட்டல் அடங்க நேரமானது. பிலோமினா என் கையைக் கிள்ளிவிட்டு, தானும் தட்டினாள்.

சரியான அளவில் வெட்டுவதுதான் கைத்திறமை என்று அதுவரை நினைத்திருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது வேறு: வேலை எந்த இடத்துக்குப் போகிறதோ, அங்கே போய் அளவெடுங்கள்; போக முடியாவிட்டால், அங்கே போனபிறகு நகர்த்திக்கொள்ள இடம் விட்டு வெட்டுங்கள்.