ஏலத்துக்கு யாரும் வராத வீடு

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் இருக்கும் அண்ணனின் படத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சிரித்த மாதிரி ஒரு படம் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. வங்கி விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக எடுத்த சிறிய படம் அது. அதைத்தான் பெரிதாக்கிப் போட்டிருக்கிறோம். கடைசி ஆறு வருடங்களில் எந்த விசேஷத்திலும் அண்ணனை நிற்கவைத்து யாரும் படம் எடுக்கவில்லை. அழைத்திருந்தால்தானே எடுப்பதற்கு.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. கூடப் பிறந்த ஒரே தங்கை என்பதால் என்னை எழுதச் சொன்னார் அண்ணனின் மகன், என் மருமகன். எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். மறைந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன். இந்தக் கட்டுரையில் அண்ணனைப் பற்றி நல்லது மட்டும்தான் இருக்கும். நம்மைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அண்ணன் பிறந்தது வெம்பக்கோட்டையில். எங்கள் அய்யா மானாவாரிக் காட்டில் பருத்தியும் கம்பும் போட்டவர். மழை பெய்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் கடன் என்று போன குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்ணன் சிவகாசிக்கு பஸ் ஏறி, ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அய்யா காலமான பிறகு என் கல்யாணத்துக்கு, கடன் போக மிஞ்சியிருந்த ஒரே சொத்தான ஊர் வீட்டை விற்றுத்தான் எனக்கு நகை போட்டார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கல்யாணப் பெண்ணுக்குச் சேலையைத் தவிர வேறு எது கண்ணில் படும்?

பல வருட உழைப்புக்குப் பிறகு திருத்தங்கலில் சொந்தமாக ஓர் அச்சகம் வைத்தார். பழைய ஆப்செட் மிஷின் ஒன்று, ஆட்கள் நாலு பேர். பட்டாசுப் பெட்டிகளுக்கு மேல் ஒட்டும் லேபிள் அடிப்பதுதான் தொழில். நன்றாகத்தான் நடந்தது. வங்கியில் வீட்டுக்கடன் வாங்கி, அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடும் கட்டினார். பால் காய்ச்சிய அன்று அண்ணி ஒவ்வோர் அறையாக என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். அடுத்த வருடமே அண்ணி நோயில் போய்ச் சேர்ந்தார். மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனார். அன்றிலிருந்தே அந்த வீட்டில் அண்ணன் மட்டும்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் அந்தக் கஷ்டம் வந்தது. ஒரே பட்டாசுக் கம்பெனிக்கு ஒரு சீசன் முழுக்க லேபிள் அடித்துக் குவித்திருந்தார் அண்ணன். பேப்பரெல்லாம் கடனுக்கு எடுத்தது. தீபாவளி முடிந்ததும் கம்பெனி பணம் கொடுக்கும், அண்ணன் பேப்பர் கடைக்குக் கொடுப்பார். நம் ஊரில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அந்த வருடம் கம்பெனி தீபாவளிக்கு முன்பே படுத்துவிட்டது. வெறும் பேப்பராக இருந்தால் வேறு யாருக்காவது விற்கலாம். இன்னொருவர் பெயரும் படமும் அச்சடித்த பேப்பரை யார் வாங்குவார்? பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டுத்தான் கொடுத்தார். அதற்கு முன்பே என் ஆரத்தையும் நாலு வளையலையும் வாங்கி அடகு வைத்திருந்தார். அவையும் மூழ்கின.

வேறு வழியில்லாமல் கோர்ட்டில் திவால் மனுக் கொடுத்தார். ஐ.பி. என்றும் மஞ்சக் கடுதாசி என்றும் நாம் குரலைத் தாழ்த்திச் சொல்வோமே, அதுதான். யார் யாருக்குக் கடன் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் கோர்ட் நோட்டீஸ் போகும். அதில் பதினோராவது பெயர் என்னுடையது.

நோட்டீஸ் என் புகுந்த வீட்டு முகவரிக்கு வந்தது. என் மாமியார் வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசிக்கச் சொன்னார். தெருவே கேட்டது. அண்ணன் தங்கச்சியிடம் வாங்கியதை நம் ஊரில் யாராவது கடன் என்று சொல்வார்களா? பேப்பர் கடைக்காரர், வட்டிக்காரர் வரிசையில் என்னையும் சேர்த்து எழுதிவிட்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உறவே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மற்ற சொந்தக்காரர்களுக்கு இப்படி ஒரு காரணம்கூடத் தேவைப்படவில்லை. வெற்றிலை பாக்கோடு கையில் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகையை அண்ணன் வீட்டு கேட்டில் செருகிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதைக்கூடச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

வீட்டின் கதை தனி. வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தது. விற்றாலும் வங்கிக் கடனுக்குத்தான் சரியாக இருக்கும் என்பதால் கடன் கொடுத்த மற்றவர்கள் கை அதில் எட்டவில்லை. ஆனால் வங்கியின் கை எட்டும். மாதத் தவணை ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்தது. வீட்டுக் கதவில் ஏல அறிவிப்பை ஒட்டினார்கள்.

ஏலத்தன்று நடந்ததை எனக்குச் சொன்னவர் அப்போது வங்கி மேலாளராக இருந்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகிப் போனவர், துக்கம் கேட்க அவ்வளவு தூரம் வந்திருந்தார். ஏலத்தன்று காலையிலேயே அண்ணன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வங்கிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே" என்று மேலாளர் கேட்டிருக்கிறார்.

"வீடு எடுக்க வர்றவுக நாலு விவரம் கேப்பாக. தண்ணி எந்நேரம் வரும், மழைக்கு எங்கன ஒழுகும்னு சொல்லணும்ல" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. மேலாளர் வெளியே வந்து தெருவை எட்டிப் பார்த்தார். வெளியூர்க்காரருக்கு விஷயம் புரியவில்லை. அண்ணன்தான் விளக்கினார். "மஞ்சக் கடுதாசி குடுத்தவன் வீடுய்யா. ராசி கெட்ட வீடும்பாக. இந்த ஊருல சும்மா குடுத்தாலும் எடுக்க மாட்டாக. நீங்க எத்தன தரம் ஏலம் போட்டாலும் நான் ஒருத்தந்தான் வந்து ஒக்காந்திருப்பேன்."

மேலாளர் சிரித்துவிட்டாராம். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, டீ வாங்கிவரச் சொன்னாராம். டீ குடிக்கும்போது அண்ணன் சட்டைப்பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழைய லேபிளின் வெள்ளைப் பக்கம். மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை வருடம் ஆகும் என்று பென்சிலால் போட்ட கணக்கு அதில் இருந்தது.

"நீங்க கோர்ட்டுல திவால்னு எழுதிக் கொடுத்தவரு. எதை நம்பி நான் காலத்தை நீட்டுறது?" என்று கேட்டார் மேலாளர்.

"குடுக்க முடியலன்னுதான்யா கோர்ட்டுல சொல்லிருக்கேன். குடுக்க மாட்டேன்னு சொல்லல."

மாதச் சம்பளத்துக்கு ஒரு சான்று கொண்டுவந்தால் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று மேலாளர் சொன்னார். திவாலான முதலாளிக்கு ஐம்பது வயதில் யார் சம்பளம் கொடுப்பார்? சிவகாசியில் இன்னோர் அச்சக உரிமையாளர் கொடுத்தார். ஒரு காலத்தில் அண்ணனோடு ஆர்டருக்குப் போட்டி போட்டவர். அண்ணனின் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. "எனக்குத் தர வேண்டியது இருக்கட்டும், அதப் பத்தி நான் பேசலை. ஆனா எட்டு மணி ஷிப்டுக்கு எட்டு மணிக்கு வந்துரணும்" என்று சொல்லிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். தினமும் எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே அண்ணன் வந்துவிடுவார் என்று இப்போது சொல்லிச் சொல்லி அழுகிறார்.

வங்கி இறங்கி வந்தது. அபராத வட்டியைத் தள்ளுபடி செய்தார்கள். நின்றுபோன வட்டியை அசலோடு சேர்த்து, தவணையைப் பாதியாகக் குறைத்து, காலத்தை நீட்டினார்கள். அதன் பிறகு அண்ணன் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. சம்பளம் வாங்கிய அன்றே கட்டிவிட்டு, மிச்சத்தில் சாப்பிட்டார். தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவார், வருவார். அவரைத் தெரிந்தவர்கள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வீட்டில் பேச ஆள் கிடையாது. அந்த வீட்டை வைத்துக்கொண்டு தனியாளாக என்ன செய்கிறார் என்று நாம் எல்லோரும் பேசினோம். நானும் பேசினேன்.

ஒரு நாள் சிவகாசி பஸ் நிலையத்தில் புதுப்பட்டி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் எதிரே வந்துவிட்டார். இளைத்திருந்தார். நகக்கண்ணெல்லாம் மை.

"நல்லா இருக்கியா தாயி?" என்று கேட்டார்.

"என் பேர ஏன் அண்ணே அந்தப் பட்டியல்ல எழுதுனீக? நான் என்ன வட்டிக்காரியா?" என்று கேட்டேன்.

"வக்கீலும் சொந்தக்காரங்கள விட்ருங்கன்னுதான் சொன்னாரு. நாந்தான் எழுதச் சொன்னேன். மிஷினை வித்துக் கோர்ட்டுல பங்கு வைப்பாக. பேரு இருந்தாத்தான் பங்கு. ஒன் நகைக்கு எதாச்சும் கொஞ்சம் வரட்டுமேன்னுதான்."

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ வீட்டுல இல்லன்னு ஒங்க மாமியார் சொன்னாக."

நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு அண்ணனின் குரலைக் கேட்டேன். நகை மூழ்கிய கோபத்தில் வெளியே வரவில்லை. இதை அண்ணனிடம் நான் சொல்லவே இல்லை. இங்கே எழுதுகிறேன்.

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது அண்ணன் சொன்னார். "அய்யா வீட்டத்தான் ஒன் கல்யாணத்துக்கு வித்துட்டோம். இதுவும் போயிருந்தா, பொறந்த வீடுன்னு நீ எதக் காட்டுவ? அதுக்குத்தான் விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு நாள் வந்துட்டுப் போ தாயி."

வருகிறேன் அண்ணே என்றேன். அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போயிற்று. முதலில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு சாக்கு, அப்புறம் பரீட்சை என்று ஒரு சாக்கு. கோபம் அந்த பஸ் நிலையத்திலேயே போய்விட்டது. இத்தனை வருடம் கழித்து எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற வெட்கம்தான் என்னை விடவில்லை. கோர்ட்டிலிருந்து என் பங்கும் வந்தது. அதில் ஒரு மோதிரம்கூட வாங்க முடியாது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் எட்டு மணி தாண்டியும் அண்ணன் வேலைக்கு வரவில்லை என்றதும் அச்சக உரிமையாளர் பைக்கில் திருத்தங்கலுக்குக் கிளம்பிவிட்டார். வேலைக்குப் போகும் சட்டையைப் போட்டபடி அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தாராம். மாரடைப்பு என்றார் டாக்டர்.

அந்த உரிமையாளருக்கும், மேலாளருக்கும், பீஸ் வாங்காமல் மனுப் போட்ட வக்கீலுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மீதி இருக்கும் கடனைத் தன் பெயருக்கு மாற்றி, தவணையைத் தவறாமல் கட்டிவரும் என் மருமகனுக்கு அத்தையின் ஆசிகள். அன்றைக்கு ஏலத்துக்கு வராத உங்கள் எல்லோருக்கும்கூட நன்றி சொல்ல வேண்டும். ராசி கெட்ட வீடு என்று நீங்கள் ஒதுங்கியதால்தான் வீடு எங்களுக்கு மிஞ்சியது.

இன்றைய சாப்பாடு அந்த வீட்டில்தான். வாசலோடு நின்று இந்த மலரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல் உள்ளே வாருங்கள். அண்ணன் இருந்தவரை வராதவர்களும் கூச்சப்படாமல் வாருங்கள், நானும் அந்தக் கூட்டம்தான். எனக்குப் பிறந்த வீடு இருக்கிறது. நான் வந்தும்விட்டேன். "வா தாயி" என்று கூப்பிடத்தான் உள்ளே அண்ணன் இல்லை.