வீங்கிய கன்னத்துக்கு மாப்பிள்ளைச் செயின்

அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று காலையில் எழுந்தபோது என் இடது கண் பாதிதான் திறந்தது. கண்ணாடியில் பார்த்தால், முழு எலுமிச்சம்பழம் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு திருட்டு முழி முழிப்பவன் போல ஒருவன் நின்றான். முந்தைய நாள் லேசாகத்தான் வீங்கியிருந்தது. மாத்திரை உள்ளே வேலை செய்கிறது, விடிந்தால் வடிந்துவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் நானே தைரியம் சொல்லியிருந்தேன்.

மேல் கடைவாய்ப் பல் வலிக்காக உத்திரமேரூரில் பல் டாக்டரைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் வாங்கி வந்த நாளிலிருந்து, அதைப் பற்றிப் போனில் படித்ததையெல்லாம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கிருமி எப்படிச் சாகிறது, ஏன் ஒரு வேளைகூட விடக்கூடாது, எல்லாம். டாக்டர் சொன்ன இன்னொன்றை மட்டும் வகுப்பில் சேர்க்கவில்லை. வலி நின்றாலும் வந்து பல்லைத் திறந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும், வீங்கினால் உடனே வர வேண்டும் என்றிருந்தார். வலி நின்றுவிட்டது. நான் பந்தல்காரர், சமையல்காரர் என்று வண்டியில் பறந்துகொண்டிருந்தேன்.

அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"மாத்திர துன்னுக்கினு கீற, அப்பவும் வீங்குதுன்னா இது பல்லு இல்லடா. பொன்னுக்கு வீங்கி."

"பல்லுதாம்மா."

"பல்லுன்னா மாத்திரைக்குக் கேட்டிருக்கணும் இல்ல? நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

பொன்னுக்கு வீங்கி வந்தவன் கழுத்தில் பொன் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. வீட்டிலிருந்த நகையெல்லாம் அக்கா மேல் ஏறியிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் டப்பாவில் இருந்தது ஒன்றே ஒன்று, மாப்பிள்ளைக்குப் போட வாங்கிய புதுச் செயின். அம்மா அதை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். கன்னத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டாள்.

"அவுங்க வர்றதுக்குள்ள கழட்டிடலாம்டா."

அப்பா இல்லாத வீடு. தட்டு மாற்ற நான்தான் உட்கார வேண்டும். தங்கம் கன்னத்தை வற்றவைக்கும் என்று நம்பினேனா? அன்று காலை நம்பினேன். யாரும் பார்க்காதபோது செயினை இழுத்து வீக்கத்தின் மேல் படும்படி வைத்துக்கொண்டேன்.

வாலாஜாபாத்திலிருந்து அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். வேனிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அத்தை. என் கன்னத்தைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், செயினைப் பார்த்தார். பின்னால் இறங்கிய மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ உள்ள போவாத. பொண்ணு தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கி கீது."

"அதுக்கு இன்னா, அத்த?"

"இன்னாவா? கல்யாணம் கட்டப் போற ஆம்பளைக்கு அது ஒட்டிக்கிச்சின்னா அப்பறம் புள்ள குட்டி இல்லாம பேஜாராப் பூடும்டா!"

"பல்லு வலிதாங்க," என்றாள் அம்மா.

"பல்லு வலிக்கு யாரு பொன்னு போடுவாங்க?"

பந்தலில் யாரோ, "செயின் போட்டுக்கினு அவன் நிக்கறான், இதுல யாருப்பா மாப்ள?" என்றார்கள். சிரிப்பு. ஆனால் அத்தை சிரிக்கவில்லை. எல்லோரையும் திரும்ப ஏறச் சொன்னார், ஒரு மாசம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். தள்ளிப்போன நிச்சயம் என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அக்கா பட்டுப்புடவையோடு வெளியே வந்தாள். அப்படிப் பெண் வரக்கூடாது. வந்தாள்.

"டேய், வாயத் தொற."

"அக்கா, எல்லாரும்..."

"வாய் கிழியப் பேசுவ இல்ல? இப்ப தொற!"

பந்தலுக்கு நடுவில் அண்ணாந்து வாயைத் திறந்தேன். அக்கா என் போனின் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவர் தோளுக்கு மேல் இன்னும் எத்தனையோ தலைகள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய வாய் அது. என் நாற்றம் எனக்கே வந்தது. பாதி மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

"கருப்பா குழி கீது. ஈறு பொங்கிக்கினு கீது," என்றார் அத்தை. பிறகு, "சே, இன்னா நாத்தம்! பல்லுதான். எறங்குங்க எல்லாரும்."

அம்மா செயினைக் கழற்றிக் குழாயடியில் தேய்த்தாள். கண்ணிகளுக்குள் போன மஞ்சள் வரவில்லை. அப்படியே மாப்பிள்ளைக்குப் போட்டார்கள். அவருடைய வெள்ளைச் சட்டைக் காலரில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு தட்டு மாற்றினேன். "தம்பி, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க," என்றார் போட்டோகிராபர்.

பந்தி போடும்போது மாப்பிள்ளை எங்கள் பைக்கை எடுத்தார். "ஏறு மச்சான். எங்கத்த எலையப் பாக்காம உன் வாயப் பாத்துக்கினு கீறாங்க."

டாக்டர் ஊசி போட்டுப் பல்லைத் திறந்தார். கசப்பும் உப்புமாக ஏதோ வாயெல்லாம் நிறைந்தது. கன்னத்தின் இறுக்கம் அப்போதே கொஞ்சம் தளர்ந்தது.

"உள்ள அடைச்சிக்கிட்டு இருக்கிற சீழுக்கு மாத்திரை மட்டும் எப்படிப் போதும்? வழி விடணும் இல்ல? கண்ணுக்கு ஏறியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? படிச்சவர்தானே?"

தலையாட்டினேன். அவர் பஞ்சை வைத்து, கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு மாப்பிள்ளையின் மஞ்சள் காலரையும் செயினையும் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன, பொன்னுக்கு வீங்கியா?"

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க செயின் குலுங்கியது. கொக்கிக்குப் பக்கத்தில் அரைத்த வேப்பிலை துளி பச்சையாக ஒட்டியிருந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.