கதவைச் சாத்தினால் அணையும் தீ

பக்தவச்சலம் அண்ணன் எரிகிற எதையும் நின்றுகொண்டு பார்க்கமாட்டார். டீக்கடை அடுப்பானாலும் பாய்லரானாலும் குந்தி உட்கார்ந்து, தீயின் அடி நீலமா மஞ்சளா என்று பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். பன்னிரண்டு வருடமாகப் பார்த்துவருகிறேன்.

ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் பாய்லர் ஃபிட்டர் அவர். அதற்கு முன் ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளியவர். பேச்சு கம்மி. மூன்று பெண்கள். அவர் ஒருவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. நான் அதே முதலாளியின் விருந்தினர் பங்களாவைப் பெருக்கித் துடைக்கிறவள்.

தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக அறுபத்தாறில் பங்களாக் குளியலறையில் கேஸ் கீசர் மாட்டினார்கள். உள்ளே ஒரு குட்டித் தீ எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். குழாயைத் திறந்தால் அதிலிருந்துதான் பெரிய தீ பற்றும். அந்தக் குட்டித் தீ நிலைக்கவில்லை. விருந்தாளிகள் பாதிக் குளியலில் சோப்பு நுரையோடு கத்துவார்கள். அண்ணன் வந்து பற்றவைத்தால் அழகாக எரியும்.

மார்கழியில் ஒருநாள் காலை மேனேஜர் நயீம் அகமது அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா ஃபிட்டர் நீ? நீ நின்னா எரியுது, நகர்ந்தா அணையுது. உன்ன கட்டிக்கிச்சா அது?"

அண்ணன் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"சாயந்தரம் ஜெர்மன்காரர் வர்றார். வருஷ ஆர்டர் அவர் கையில இருக்குது. இன்னிக்கும் அணைஞ்சுதுன்னா நாளைக்கு நீ ஷாப்பு பக்கம் வர வேணாம்."

அண்ணன் குட்டித் தீ வரும் துளையை ஊசியால் குத்தி ஊதினார். பக்கத்திலிருந்த செம்புக் கம்பியைத் தேய்த்தார். சிலிண்டரை மாற்றினார். கால் மணி நேரம் வெந்நீரை ஓடவிட்டார். தீ ஆடக்கூட இல்லை. மணி மூன்றாகிவிட்டது. வாளியோடு நின்ற என் பக்கம் திரும்பினார்.

"பேஜார் புடிச்ச மிஷினும்மா. குளிக்கிறவனுக்குத்தான் அணையுது, எனக்கு அணைய மாட்டேங்குது."

எனக்கு ஒன்று தோன்றியது. அவர் பைக்குள் சாமான்களைப் போடத் தொடங்கிய பிறகுதான் சொன்னேன்.

"அண்ணே, நீங்க கதவ தொறந்து வச்சிருக்கீங்க. அவங்க சாத்திக்கிறாங்க."

என்னையே பார்த்தார். "நீ வெளிய நில்லு, பூவம்மா. நான் உள்ளேர்ந்து கொரல் குடுத்துக்கினே இருக்கேன்."

"தாழ் போடாதீங்கண்ணே."

கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"எரியுது." சற்றுப் பொறுத்து மறுபடி, "எரியுது." அப்படி ஏழெட்டுத் தடவை. பிறகு, "மஞ்சளா ஆவுது." அடுத்த குரல் குழறியது. அதற்கப்புறம் தண்ணீர் மட்டும்தான் கேட்டது.

ஆண்பிள்ளை உள்ளே இருக்கும் குளியலறை. கையைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். "அண்ணே" என்றேன். தள்ளினேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். சிலிண்டரை மூடினேன். அவர் வாந்தி எடுத்தார். நெடுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"தீ?"

"அணைஞ்சிடுச்சு."

"மேல காத்து போற ஓட்ட இருந்துச்சே, எங்க?"

"நான்தான் அடைச்சேன். தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழி நாத்தம் தொரைக்கு ஆவாதுன்னு மேனேஜர் சொன்னாரு. தோல் துண்ட திணிச்சி மேல அட்டைய ஒட்டினேன்."

அவர் திட்டவில்லை. ஸ்டூலைக் கேட்டார். ஏறப் பார்த்தார், முடியவில்லை. நானே ஏறிப் பிய்த்தேன். நாற்றம் உடனே உள்ளே வந்தது. அதோடு மேனேஜரும் வந்தார்.

"இன்னா கூத்து இது? மூக்கப் பொத்திக்கினு அவர் ஓடிட்டா, ஆர்டர உன் மாமனாரா குடுப்பாரு?"

"தோல் வாங்க வர்றவருக்குத் தோல் நாத்தம் தெரியாதா சார்? அடைச்சி வச்சா காத்து இல்லாம தீயும் அணையும், குளிக்கப் போனவர தூக்கிக்கினுதான் வரணும். இப்ப என்னைய இந்தப் பொண்ணு இழுத்துப் போட்டாப்ல."

மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார். வராந்தாவில் கிடந்த வாந்தியைப் பார்த்தார். என் கையிலிருந்த அட்டையை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

சாயந்தரம் ஜெர்மன்காரர் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தார். நாங்கள் மூவரும் வராந்தாவில் மூச்சுவிடாமல் நின்றோம். இருபது நிமிடம். வெந்நீரில் முகம் சிவக்க வெளியே வந்து டீ கேட்டார்.

பக்தவச்சலம் அண்ணன் இன்றும் அதே வேலையில் இருக்கிறார். மூத்த பெண்ணைக் குடியாத்தத்தில் கொடுத்திருக்கிறார். கீசர் எரிகிறது. குளியலறையில் நாற்றமும் இருக்கிறது.