எவந்தியாவின் அடுப்படிக்குள் வராதவர்

1974 அக்டோபர் 7: பீன்ஸ் சூப், பத்து திராக்மா.
1981 பிப்ரவரி 2: நாற்பத்தைந்து.
1987 செப்டம்பர் 7: நூற்றி இருபது.

கிரீஸின் தெசலோனிகி நகரச் சந்தைக்குப் பின்னால் எவந்தியா நடத்திய சாப்பாட்டுக் கடையில் விலை இப்படி ஏறியது, வழக்கம் மாறவில்லை. வருகிறவர் நேரே சமையலறைக்குள் போவார், பானை மூடிகளைத் தூக்கிப் பார்ப்பார், வேண்டியதைக் காட்டிவிட்டு வந்து உட்காருவார். பிரோத்ரோமோஸ் மட்டும் உள்ளே கால் வைத்ததில்லை. மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். எவந்தியா வைத்ததைச் சாப்பிடுவார், ரொட்டியால் தட்டைத் துடைப்பார், போவார்.

பக்கத்து மேசை மீன்காரன் ஃபோதிஸுக்கு அது பொறுக்காது. "ஏண்ணே, உள்ள போனா உங்களையும் சேத்து வேக வெச்சிருவாங்கன்னு பயமா?"

"நீ போய்ப் பாருப்பா. உன் மீனை வாங்கித்தானே சமைக்கிறாங்க, உனக்குத்தான் சந்தேகம் வரணும்."

எவந்தியா கரண்டியோடு சிரிப்பாள். அவளும் தனிக்கட்டை. அவர் வராத நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

1987 குளிர்காலத்தில் பிரோத்ரோமோஸ் மாடிப்படியில் விழுந்தார். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து மகள் வந்தாள், கையோடு அழைத்துப்போக. கிளம்பும் நாளில் பிரோத்ரோமோஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். ஒவ்வொரு மூடியாகத் தூக்கினார்.

"என்ன வேணும், சொல்லுங்க. நான் கொண்டாறேன்."

"ஒண்ணும் வேணாம், எவந்தியா. எந்த அடுப்புல எதுன்னு பாத்து வெச்சுக்கறேன். அங்க சும்மா உக்காந்திருக்கறப்ப நெனச்சுக்கலாம்ல."

போகாதீங்க என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. வாசலில் மகள் டாக்சியோடு நின்றாள். "உடம்பப் பாத்துக்குங்க" என்று மட்டும் எவந்தியா சொன்னாள்.

ஜனவரியில் அவர் கடிதம் வந்தது. மகள் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். பேரன்கள் பேசுவதுதான் புரியவில்லை. "இன்றைக்கு என்ன சமையல்?" என்று முடித்திருந்தார். இரண்டாவது கடிதத்திலும் அதே கேள்வி. எவந்தியா பதில் எழுத உட்காருவாள், எழுந்துவிடுவாள்.

ஃபோதிஸ்தான் பொறுமையிழந்தான். "எக்கா, கொண்டக்கடல வெந்துச்சுன்னு எழுதவா இத்தன யோசன? மனசுல இருக்கறத எழுது. மூணு வாரமா பீன்ஸ்ல உப்புத் தூக்கல், வாயில வெக்க முடியல."

மதியக் கூட்டம் கலைந்ததும் எழுதினாள்: "சமையலைப் பற்றி எழுதப்போவதில்லை. என் வீடு தரைத்தளம், படி கிடையாது. ஓர் அறை சும்மா கிடக்கிறது. அன்றைக்கு வாய் வரவில்லை, இப்போது கேட்கிறேன். என்னோடு வந்து இருங்கள்."

பிறகு தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே உள்ளே போய்விடுவாள். மூன்று வாரம் கழித்து ஃபோதிஸே உறையை வாங்கிவந்து அடுப்படியில் நீட்டினான். இரண்டே வரி. மகள் முதலில் அழுதாள், அப்புறம் அவளே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன்.

அதற்குமேல் அவர்களுக்குள் கடிதத்துக்கு வேலை இருக்கவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1988 மார்ச் 11, வெள்ளிக்கிழமை.