41041: என் வண்டியின் நம்பர்

வீடு வீடாகப் போய்க் கணக்கு டியூஷன் எடுக்கும் சக ஜீவன்களே, எண்களைப் பற்றி நமக்குத் தெரியும் என்று நம்பிக் கூப்பிடுகிறவர்கள்தான் எண்களைப் பற்றி நமக்குப் பாடம் நடத்துவார்கள்.

பொத்தானை அமுக்கியது நான்தான்

வியட்நாமின் சைகோனில் புது ஸ்கூட்டர் வாங்கினால், பதிவு அலுவலகத்தில் பொத்தானை அமுக்கி நம்பரை நாமே வரவழைக்க வேண்டும். அமுக்கினேன். 41041! நாற்பத்தொன்றை ஆயிரத்தொன்றால் பெருக்கினால் வருவது. அந்த ஆயிரத்தொன்றோ 7, 11, 13 மூன்றின் பெருக்கல். கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வரிசையில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இங்கே இலக்கங்களைக் கூட்டி, விடையின் கடைசி இலக்கத்தைப் பார்ப்பார்கள். ஒன்பது என்றால் யோகம். எனக்குக் கூட்டுத்தொகை பத்து, அதாவது பூஜ்ஜியம். அதற்குக் கீழே போக இடமில்லை. கவுண்டர்க்காரர் ஆறுதல் சொன்னார்: "கவலைப்படாதீங்க, நீங்க வெளிநாடு. உங்க சாமிக்கு இந்தக் கணக்கு தெரியாது."

நம்மவர் கணக்கு

பூ மி ஹங் என்ற பேட்டையில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் வீட்டில் பாடம் எடுக்கிறேன். அந்த அம்மாள் பத்தை மறுபடியும் கூட்டினார். ஒன்று, சூரியன்! வண்டியை ஒருமுறை சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்: "இத்தன நல்ல நம்பர வெச்சுட்டு, ஏனுங்க டீச்சர் இன்னும் டியூஷனுக்கு அலையறீங்க?"

சேகரின் சோதனை

சேகரும் டியூஷன் வாத்தியார்தான், சென்னைப் பையன். பகா எண்ணைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டை 41041 தடவை பெருக்கி, 41041ஆல் வகுத்தால் மீதி இரண்டே வர வேண்டும். வந்தது. மூன்றை வைத்தான், ஐந்தை வைத்தான், வைத்ததே மீதியாக வந்தது. "பகா எண்தான்" என்று அடித்துச் சொன்னான். அந்தச் சோதனையையே ஏமாற்றும் அபூர்வமான சில எண்களில் இதுவும் ஒன்று என்று சொல்லி, நான் ஏழால் வகுத்துக் காட்டினேன். பாவம், முகம் தொங்கிவிட்டது. "அக்கா, ஒரு நம்பர் இப்படியா முழுப்பொய் சொல்லும்?"

லின்னின் அம்மா

என் மாணவி லின்னுக்குப் பெரிய பள்ளியின் நுழைவுத்தேர்வு. அவர்கள் அடுக்ககத்தில் எனக்கிருந்த ஐந்து பிள்ளைகளும் அவள் அம்மா சேர்த்துவிட்டவர்கள். லின் தோற்றால் ஐந்தும் போச்சு. தேர்வு முடியும்வரை அந்த நம்பர் கட்டடத்துக்குள் வரக்கூடாது, இரண்டு தெரு தள்ளி நிறுத்துங்கள் என்று உத்தரவு போட்டார். வெயிலில் நடந்தேன்.

வந்த எரிச்சலில் அந்த நம்பரையே பாடமாக நடத்தினேன். ஏதாவது இரண்டு இலக்கம், நடுவில் பூஜ்ஜியம், மறுபடி அதே இரண்டு இலக்கம். கண்ணை மூடிக்கொண்டு 7, 11, 13ஆல் வகுக்கலாம் என்றேன்.

தேர்வில் கேட்டது 62062ஐக் காரணிகளாகப் பிரிக்க. லின்னுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லையாம். முடிவு வந்த அன்று "உங்க வண்டி டீச்சர், உங்க வண்டி!" என்று குதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அம்மாவிடம் சொல்ல ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்: "பார்த்தீங்களா டீச்சர், வண்டியைத் தள்ளி நிறுத்தினதாலதான் என் பொண்ணு பாஸ்!"

ஐந்து பிள்ளைகள் இப்போது ஒன்பதாகிவிட்டார்கள், நான் இன்றைக்கும் இரண்டு தெரு நடந்துதான் போகிறேன்.